புதுத் தொட்டியில் மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர் வெள்ளையாகக் கலங்குகிறது: முழுவதும் மாற்றலாமா?

சரளைக்கல்:
வணக்கம் நண்பர்களே. தொட்டி 60 × 30 × 36 செ.மீ. அடியில் 5 செ.மீ. சரளை, ஒரு டிரிஃப்ட்வுட் துண்டு, கல்லில் கட்டிய அனுபியாஸ் செடி இரண்டு. ஹேங் ஆன் ஃபில்டர், மணிக்கு 300 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மீன்கள்: கப்பி ஆறு, கோரி இரண்டு. தீனி காலை, மாலை இரு வேளை. தண்ணீர் நிரப்பி ஐந்து நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கண்ணாடி போல் இருந்தது, மூன்றாம் நாளிலிருந்து வெள்ளையாகக் கலங்கி, இப்போது பின்பக்கக் கண்ணாடியே மங்கலாகத்தான் தெரிகிறது. நாற்றம் இல்லை. மீன்கள் சாப்பிடுகின்றன. முழுத் தண்ணீரையும் மாற்றிவிடலாமா? தெளிய வைக்கும் மருந்து ஊற்றலாமா? அல்லது ஃபில்டர்தான் போதவில்லையா?

கெண்டைக்குஞ்சு:
முழுசா மாத்தாதீங்க. மருந்தும் ஊத்தாதீங்க. முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க: அம்மோனியா டெஸ்ட் பண்ணினீங்களா, குழாய்த் தண்ணிக்கு ஆன்டி-குளோரின் போட்டீங்களா, மீனை எந்த நாள் விட்டீங்க? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ஏர் பம்ப் இருந்தா போட்டுடுங்க. தீனியை நிறுத்துங்க. கப்பி, கோரி ரெண்டும் ரெண்டு மூணு நாள் சாப்பிடாம நல்லாவே இருக்கும்.

ஓடைநீர்:
கலங்கல் எல்லாம் ஒன்றல்ல. எந்த வகை என்று முடிவு செய்வதற்கு முன் கைவைத்தால் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் கை போகும். ஒரு கண்ணாடி டம்ளர் போதும், வகை தெரிந்துவிடும்.

தொட்டியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அசையாத இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது கலங்கலே அல்ல, நுண்ணிய காற்றுக் குமிழி. ஃபில்டரின் உறிஞ்சுகுழாய் இணைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தொட்டியின் நீர்மட்டம் குறைந்து ஃபில்டர் தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது. சில மணி நேரத்தில் மேலே தெளிந்து அடியில் சாம்பல் நிறப் படிவு சேர்ந்தால் அது சரளைத் தூசி. களிமண் மிக நுண்மையாக இருந்தால் ஒரு நாள்கூட ஆகும். ஒரு நாள் கழித்தும் சீராக அப்படியே வெண்மையாக இருந்தால் பாக்டீரியா. டம்ளரை வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள்: இலேசான பச்சை தெரிந்தால் மிதக்கும் பாசி, தேயிலை நிறம் தெரிந்து, ஆனால் தாளில் எழுதியது தெளிவாகப் படிக்க முடிந்தால் மரத்திலிருந்து இறங்கிய டானின். டானின் கலங்கல் ஆகாது, சாயம் மட்டுமே.

இன்னொரு வகையும் உண்டு. பிஎச் உயர்த்தும் பொடி போட்ட சில நிமிடங்களில் வெள்ளையானால் அது கால்சியம் கார்பனேட் பிரிந்து நிற்பது. கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் இது நடக்கும். அந்த டம்ளரில் சில சொட்டு வினிகர் விட்டுக் கலக்கினால் உடனே தெளிந்துவிடும். பாக்டீரியாக் கலங்கல் வினிகருக்குத் தெளியாது.

உங்கள் விவரத்தில் முக்கியமான குறிப்பு “முதல் இரண்டு நாள் தெளிவு” என்பது. தூசியாக இருந்தால் நிரப்பிய அன்றே கலங்கி, நாள் போகப்போகக் குறைந்திருக்கும். உங்களுக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. எனவே பாக்டீரியாப் பெருக்கம் என்றே நினைக்கிறேன். டம்ளர் சோதனையைச் செய்து உறுதிப்படுத்துங்கள்.

நுண்ணோக்கி:
ஓடைநீர் சொன்னதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். “பாக்டீரியா வளர்கிறது, அப்படியானால் சைக்கிளிங் (அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பிடிப்பது) நடக்கிறது, நல்லதுதான்” என்று ஒரு பேச்சு எல்லா இடத்திலும் ஓடுகிறது. அது சரியல்ல. தண்ணீரை வெள்ளையாக்கும் பாக்டீரியா வேறு, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரைஃபையிங் பாக்டீரியா வேறு.

வெள்ளையாக்குபவை கரிமப் பொருளைத் தின்பவை: மிஞ்சிய தீனி, மீன் கழிவு, புது மரத்திலிருந்து இறங்கும் சர்க்கரை, அழுகும் இலை. உணவு கிடைத்தால் இவற்றில் பல ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். தண்ணீரில் தனித்தனியாக மிதப்பதால்தான் நம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறது. நைட்ரைஃபையிங் பாக்டீரியா அப்படியல்ல. நல்ல சூழலிலும் இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், சரளை என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழும். அவை எவ்வளவு பெருகினாலும் தண்ணீர் கலங்காது.

ஆகவே வெள்ளைக் கலங்கல் உங்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்றுதான்: தண்ணீரில் கரைந்த உணவு அதிகமாக இருக்கிறது, அதைத் தின்ன ஆள் வந்துவிட்டது. அந்தத் தின்னும் வேலையில் இரண்டு பக்கவிளைவு. ஒன்று, புரதம் சிதைந்து அம்மோனியா வெளிவரும். இரண்டு, ஆக்ஸிஜன் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் முழுக் கொள்ளளவில் பிடித்து வைக்கக்கூடிய ஆக்ஸிஜனே லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அதில் மீனோடு கோடிக்கணக்கான பாக்டீரியாவும் பங்கு கேட்கும். இரவில் செடியும் பங்கு கேட்கும். இந்தக் கட்டத்தில் விடியற்காலையில் மீன் செத்துக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கெண்டைக்குஞ்சு ஏர் பம்ப் போடச் சொன்னது அதனால்தான்.

சரளைக்கல்:
நன்றி. டம்ளர் சோதனை செய்தேன், ஒரு நாள் கழித்தும் அப்படியே வெண்மைதான், அடியில் ஒன்றும் படியவில்லை. மீன் விட்டது இரண்டாம் நாள். ஆன்டி-குளோரின் போட்டேன். திரவ டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்ததில் அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்), நைட்ரைட் 0, நைட்ரேட் 0, பிஎச் 7.6. ஏர் ஸ்டோன் போட்டுவிட்டேன், தீனி நிறுத்தியாயிற்று. இனி?

வெள்ளிச்செதில்:
1 பிபிஎம் இருந்தால் தினமும் பாதித் தண்ணீரை மாற்றுவதே வழி. கலங்கலும் போகும், அம்மோனியாவும் போகும்.

ஓடைநீர்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். அம்மோனியாவுக்காக மாற்ற வேண்டும், கலங்கலுக்காக அல்ல. இந்த வேறுபாடு முக்கியம்.

பாதித் தண்ணீர் மாற்றினால் கலங்கல் பாதியாகும், ஆனால் உணவு இருக்கும்வரை சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மாற்றுவது, சரளையைக் கிளறிக் கழுவுவது, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து அலசுவது என்று போனால், ஸ்பாஞ்சில் ஒட்ட ஆரம்பித்திருக்கும் நைட்ரைஃபையிங் பாக்டீரியாவும் போய்விடும். தொட்டி ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்து தொடங்கும்.

அம்மோனியாவுக்கு வருவோம். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனை வதைப்பது அயனியாகாத பகுதி மட்டும். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் ஆறு பங்கைத் தாண்டும். பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு கிட்டத்தட்ட பத்து மடங்கு. உங்களுக்கு 7.6, எனவே 1 பிபிஎம்மை அலட்சியப்படுத்த முடியாது. 0.5-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பதுதான் குறி.

கணக்கு எளிது. 50 விழுக்காடு மாற்றினால் 1 என்பது 0.5 ஆகும். 25 விழுக்காடாக இரண்டு முறை மாற்றினால் 0.56. மீனுக்கு இரண்டாவது வழி மென்மையானது, வெப்பமும் பிஎச்சும் ஒரேயடியாக மாறாது. இன்று காலை 25, மாலை 25. நாளையிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் சோதித்து, 0.5-ஐத் தாண்டினால் மட்டும் 25 முதல் 30 விழுக்காடு. தாண்டாத நாளில் தொட்டியைத் தொட வேண்டாம், எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும்.

கெண்டைக்குஞ்சு:
தண்ணி அளவையும் சரியாப் போட்டுக்கோங்க, மருந்தளவு எல்லாம் அதை வெச்சுத்தான். 60 × 30 × 36 பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 64.8 லிட்டர். ஆனா மேல 3 செ.மீ. காலி, கீழ 5 செ.மீ. சரளை. கல், மரம் எல்லாம் போக உள்ள இருக்கிற தண்ணி சுமார் 50 லிட்டர்தான். 25 விழுக்காடுன்னா 12 லிட்டர், அதாவது ஒரு சாதாரண வாளி.

புதுத் தண்ணிக்கு ஆன்டி-குளோரினை வாளியிலேயே கலந்துட்டு ஊத்துங்க. தொட்டிக்குள்ள நேரா குழாய் வெச்சு நிரப்புறதா இருந்தா, மாத்துற அளவுக்கு இல்ல, முழுத் தொட்டி அளவுக்குப் போடணும். ஊத்தும்போது சரளை மேல ஒரு தட்டு வெச்சு அது மேல மெதுவா ஊத்துங்க, கீழ கிளறாது.

வெள்ளிச்செதில்:
ஆன்டி-குளோரின் இல்லாமல் ஒரு நாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் போய்விடுமே?

நுண்ணோக்கி:
வெறும் குளோரின் என்றால் போகும், காற்றடித்தால் இன்னும் விரைவாக. குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, கலக்கும் ஊர் என்றால் ஒரு நாளில் போகாது, பல நாள் நிற்கும். சோடியம் தயோசல்ஃபேட் மட்டும் உள்ள ஆன்டி-குளோரின் குளோரமினை உடைக்கும், ஆனால் அதில் கட்டுண்டிருந்த அம்மோனியா தண்ணீரில் தங்கிவிடும். அதனால் சரளைக்கல் ஒரு முறை குழாய்த் தண்ணீரையே ஆன்டி-குளோரின் போட்டபின் அம்மோனியாவுக்குச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அங்கேயே 0.5 காட்டினால், தண்ணீர் மாற்றி அதற்குக் கீழே கொண்டுவரவே முடியாது. அப்போது அம்மோனியாவையும் கட்டிவைக்கும் வகைக் கண்டிஷனர் தேவை.

அத்தகைய கண்டிஷனர் போட்டபின் ஒரு குழப்பம் வரும். சாலிசிலேட் முறைக் கிட், அதாவது இரண்டு குப்பி ஊற்றிப் பச்சை நிறம் பார்ப்பது, கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும். எண் குறையவில்லையே என்று மேலும் மேலும் கண்டிஷனர் ஊற்ற வேண்டாம். நெஸ்லர் முறைக் கிட், மஞ்சள் நிறம் காட்டுவது, இந்தக் கண்டிஷனர்களோடு சேர்ந்தால் தவறான எண்ணே கொடுக்கும்.

மீன்பித்தன்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். படிகாரம் போட்டால் தண்ணீர் தெளியுமே, குடிநீர் நிலையத்திலேயே அதைத்தானே பயன்படுத்துகிறார்கள்? கடையில் விற்கும் தெளிவாக்கும் திரவமும் அதேதானா?

ஓடைநீர்:
வேலை செய்யும் முறை ஒன்று. நுண்துகள்கள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அலுமினிய உப்போ பாலிமரோ அந்த மின்னூட்டத்தை நீக்கித் துகள்களைத் திரள வைக்கிறது, திரள் படிகிறது அல்லது பஞ்சில் மாட்டுகிறது. சரளைத் தூசிக்கு இது பொருத்தம். மீன் விடாத தொட்டியில், புதுப் பஞ்சு வைத்து, குப்பியில் சொன்ன அளவில் ஒரு முறை தெளிவாக்கும் திரவம் ஊற்றினால் ஒரே இரவில் தெளியும்.

படிகாரத்தைத் தொட்டியில் போட வேண்டாம். அது கார்பனேட் கடினத்தன்மையை (கேஎச்) தின்று பிஎச்சை இறக்கும். கேஎச் குறைவான தண்ணீரில் பிஎச் சரிந்தால், கரைந்த அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். குடிநீர் நிலையத்தில் அளந்து போட்டு, படியவைத்து, வடிகட்டி, பிஎச் திருத்தி அனுப்புகிறார்கள். அங்கே மீன் இல்லை.

பாக்டீரியாக் கலங்கலுக்கு இந்தத் திரவத்தாலும் நிலையான பயன் இல்லை. திரண்ட பாக்டீரியா பஞ்சில் மாட்டி அங்கேயே அழுகும், உணவு தண்ணீருக்கே திரும்பும், மூன்றாம் நாள் மீண்டும் வெள்ளை. அளவு மீறினால் திரள் செவுளில் ஒட்டி மீன் மூச்சு வாங்கும். சரளைக்கல்லுக்கு இது வேண்டாம்.

பாசிப்பச்சை:
மரத்தை யாரும் கவனிக்கவில்லை. சரளைக்கல், டிரிஃப்ட்வுட் மேல் வெள்ளையாக வழவழவென்று ஜெல்லி மாதிரி படர்ந்திருக்கிறதா? இருந்தால் உங்கள் தொட்டியில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவதில் அதுவும் ஒரு பங்கு. புது மரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் மாவுப்பொருளும் மெல்ல இறங்கும். வெளியே எடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, தனிப் பாத்திரத்தில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியதும் திருப்பி வையுங்கள். பாத்திரத்தில் அடங்காத மரம் என்றால் வாளியில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, ஓரிரு வாரம் விட வேண்டும். மரம் தேயிலை நிறம் விட்டால் பயம் இல்லை, ஆக்டிவேட்டட் கார்பன் அந்த நிறத்தைப் பிடித்துவிடும். ஆனால் கார்பன் வெள்ளைக் கலங்கலையும் போக்காது, அம்மோனியாவையும் எடுக்காது. இரண்டுக்காகவும் கார்பன் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய.

அனுபியாஸ் நல்ல செடி, ஆனால் மெதுவாக வளர்வது. அம்மோனியா குடிக்க வேண்டுமென்றால் வேகமாக வளரும் செடி வேண்டும்: ஹார்ன்வோர்ட், நீர்க்கீரை வகை, மிதக்கும் ஆகாயத்தாமரைக் குஞ்சு. ஒரு கைப்பிடி ஹார்ன்வோர்ட்டை நடாமல் அப்படியே மிதக்க விட்டாலே போதும். செடி நைட்ரேட்டைவிட அம்மோனியாவைத்தான் முதலில் எடுக்கும். மஞ்சளான இலையைத் தெரிந்த உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே பாக்டீரியாவுக்குத் தீனி.

சரளைக்கல்:
ஆமாம் அக்கா, மரத்தின் அடிப்பக்கம் முழுக்க அந்த ஜெல்லிதான். எடுத்துக் கொதிக்க வைக்கிறேன். இன்னொரு சந்தேகம். தீனி கொஞ்சம்தான் போட்டேன், அதிலா இவ்வளவு?

நுண்ணோக்கி:
கணக்குப் போட்டால் தெரியும். 40 விழுக்காடு புரதமுள்ள தீனி 1 கிராம். அதில் புரதம் 400 மில்லிகிராம். புரதத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 16 விழுக்காடு, ஆக 64 மில்லிகிராம். அது சாப்பிடப்படாமல் முழுவதும் அழுகினால் 50 லிட்டரில் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அம்மோனியா. மீன் சாப்பிட்டாலும் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளிவரும். புதுத் தொட்டியில் இதை ஏற்றுக்கொள்ளும் பாக்டீரியா இன்னும் இல்லை. 1 கிராம் என்பது சிறு மணித் தீனியில் கால் தேக்கரண்டியைச் சுற்றித்தான் இருக்கும்.

அம்மோனியா 0.25-க்கு வந்ததும் தீனியைத் திரும்பத் தொடங்கலாம்: இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் காலியாகும் அளவு. கோரிக்கு அடியில் விழும் துகள் வேண்டும், அதையும் எண்ணிப் போடுங்கள், மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

புதுத்தொட்டி:
எனக்கும் கலங்கல்தான், ஆனால் பச்சை. ஜன்னலோரத் தொட்டி, விளக்கு பத்து மணி நேரம் எரிகிறது. இதே வழியா?

பாசிப்பச்சை:
வேறு வழி. அது ஒற்றைச் செல் பாசி. புதுத் தொட்டியில் அம்மோனியாவும் வெளிச்சமும் சேர்ந்தால் வரும். பஞ்சு அதைப் பிடிக்காது, அவ்வளவு சிறியது. தண்ணீர் மாற்றினாலும் இரண்டு நாளில் திரும்பும்.

தொட்டியைக் கறுப்புத் துணியால் நான்கு பக்கமும் மேலேயும் மூடி, மூன்று முதல் நான்கு நாள் வெளிச்சமே படாமல் வையுங்கள். எட்டிப் பார்க்கவும் கூடாது. விளக்கு, தீனி இரண்டும் வேண்டாம், ஏர் ஸ்டோன் கட்டாயம். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகினால் அம்மோனியா ஏறும். அதன்பின் விளக்கு ஆறு மணி நேரம் போதும், டைமர் வைத்துவிடுங்கள். ஜன்னல் வெயில் நேரடியாக விழாமல் பின்பக்கம் அட்டை ஒட்டுங்கள், அல்லது தொட்டியை இடம் மாற்றுங்கள். இடம் மாற்றுவது என்றால் நீரை வடித்துவிட்டுத்தான். தண்ணீரோடு தூக்கினால் மூலையில் சிலிகான் விட்டுவிடும்.

திரும்பத் திரும்ப வந்தால் யூவி விளக்கு. அதில் வரும் 254 நானோமீட்டர் கதிர், கடந்து போகும் பாசியையும் மிதக்கும் பாக்டீரியாவையும் செயலிழக்கச் செய்யும். 50 லிட்டருக்கு 5 வாட் தாராளம். தண்ணீர் மெதுவாகக் கடக்க வேண்டும், வேகமாகப் போனால் கதிர் படும் நேரம் போதாது. எரியும் விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.

வெள்ளிச்செதில்:
யூவி வெள்ளைக் கலங்கலுக்கும் கேட்கும் என்கிறீர்கள். அப்படியானால் சரளைக்கல்லுக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? நல்ல பாக்டீரியா சாகும் என்றா?

நுண்ணோக்கி:
நல்ல பாக்டீரியா ஸ்பாஞ்சில் ஒட்டியிருப்பதால் யூவி அதைத் தொடாது. அந்தப் பயம் தேவையில்லை. சொல்லாததற்குக் காரணம் வேறு: யூவி மிதப்பதைக் கொல்லும், கரைந்த உணவை அகற்றாது. தண்ணீர் பளபளவென்று இருக்கும், அம்மோனியா 1 பிபிஎம்மிலேயே நிற்கும், பார்ப்பவர் தொட்டி சரியாகிவிட்டது என்று தீனியைக் கூட்டுவார். தெளிவான தண்ணீரில் மீன் அம்மோனியாவால் சாவது இப்படித்தான். டெஸ்ட் கிட்டைத் தொடர்ந்து பார்ப்பவர் யூவி வைத்தால் குற்றமில்லை.

சரளைக்கல்:
நிலவரம்: இரண்டு நாளில் மூன்று முறை 12 லிட்டர் மாற்றினேன். அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25 வந்திருக்கிறது. கலங்கல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. நைட்ரைட் வந்தது நல்லதா கெட்டதா? ஃபில்டர் பற்றியும் யாரும் சொல்லவில்லை. உள்ளே ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச், கார்பன் நிரப்பிய அட்டை ஒன்று, அவ்வளவுதான்.

ஓடைநீர்:
நைட்ரைட் வந்ததென்றால் முதல் கட்டப் பாக்டீரியா பிடித்துவிட்டது என்று பொருள். ஆனால் நைட்ரைட்டும் நஞ்சு, இரத்தம் ஆக்ஸிஜன் ஏந்தும் திறனைக் கெடுக்கும். அதற்கு உப்பு நல்ல பாதுகாப்பு. குளோரைடு அயனி செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு போதும். அதற்கு 50 லிட்டரில் அயோடின் சேர்க்காத உப்பு 8 முதல் 9 கிராம், தனிப் பாத்திரத்தில் கரைத்து மெல்ல ஊற்றவும். இந்த அளவு கோரிக்கோ அனுபியாஸுக்கோ தீங்கு செய்யாது. ஒவ்வொரு முறை 12 லிட்டர் மாற்றும்போதும் 2 கிராம் சேர்த்தால் அளவு நிலைக்கும். ஃபில்டரில் ஜியோலைட் இருந்தால் மட்டும் உப்பு வேண்டாம், அது பிடித்துவைத்த அம்மோனியாவை உப்பு வெளியே தள்ளிவிடும்.

கேஎச்சையும் பாருங்கள். நைட்ரைஃபையிங் பாக்டீரியா வேலை செய்யச் செய்யக் கேஎச்சைத் தின்னும். 3 டிகிரிக்குக் கீழே போனால் பிஎச் தடுமாறும், 6.5-க்குக் கீழே பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். 50 லிட்டரில் 1.5 கிராம் சமையல் சோடா கேஎச்சை ஒரு டிகிரி உயர்த்தும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்தாதீர்கள். அம்மோனியா இருக்கும்போது பிஎச் திடீரென்று ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கெண்டைக்குஞ்சு:
ஃபில்டருக்கு நான் சொல்றேன். 50 லிட்டருக்கு மணிக்கு 300 லிட்டர்னா ஆறு மடங்கு, ஓட்டம் போதும். குறை உள்ள இருக்கிற சரக்குல. தண்ணி வர்ற வழியில முதல்ல கறுப்பு ஸ்பாஞ்ச், அப்புறம் ஒரு விரல் தடிமன் வெள்ளைப் பஞ்சு, கடைசியா செராமிக் ரிங். கார்பன் அட்டையை எடுத்துட்டு அந்த இடத்துல ரிங்கைப் போடுங்க. கார்பன் சில வாரத்துல நிறைஞ்சுடும். கம்பெனி சொல்ற மாதிரி மாசாமாசம் அட்டையைத் தூக்கிப் போட்டா, அதுல ஒட்டின பாக்டீரியாவும் சேர்ந்து போகும். புதுத் தொட்டி திரும்பத் திரும்பக் கலங்குறதுக்கு இது பெரிய காரணம்.

வெள்ளைப் பஞ்சு அடைச்சுக்கிட்டா அதை மட்டும் மாத்துங்க. ஸ்பாஞ்சையும் ரிங்கையும் குழாயில கழுவவே கூடாது. தொட்டியில இருந்து எடுத்த தண்ணியில ரெண்டு பிழி பிழிஞ்சா போதும், பளிச்சுன்னு ஆக வேண்டாம். அதுவும் ஓட்டம் குறைஞ்சா மட்டும். ராத்திரி சத்தமா இருக்குன்னு ஃபில்டரை நிறுத்தாதீங்க. ஓட்டம் நின்னா உள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், காலைல போடும்போது அந்த அழுகல் தொட்டிக்குள்ள வரும். மின்சாரம் பல மணி நேரம் போனா, திரும்ப ஓட விடுறதுக்கு முன்னாடி ஃபில்டர்ல தேங்கின தண்ணியைக் கொட்டிடுங்க.

தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது நோயில்லாம நல்லா ஓடுற தொட்டி இருந்தா, அவங்க ஃபில்டர்ல இருந்து கைப்பிடி ஸ்பாஞ்சோ பத்துப் பதினஞ்சு ரிங்கோ வாங்கி, ஈரம் காயாம கொண்டுவந்து உங்க ஃபில்டர்ல வையுங்க. எந்தப் பாட்டிலும் இதுக்கு ஈடு இல்ல.

மீன்பித்தன்:
பாட்டில் பாக்டீரியா அப்போது வீணா?

நுண்ணோக்கி:
எல்லாம் வீண் இல்லை, ஆனால் எதை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். நைட்ரைஃபையிங் பாக்டீரியாவுக்கு வித்தாக உறங்கும் நிலை கிடையாது, அதனால் வெயிலில் கிடந்த பழைய பாட்டிலில் உயிரோடு இருக்கும் வாய்ப்புக் குறைவு. “கசடு நீக்கும்” என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பாலும் பேசிலஸ் வித்து. அது கரிமப் பொருளைத் தின்னும் வகை, அளவு மீறி ஊற்றினால் வெள்ளைக் கலங்கலைக் கூட்டும். இருக்கிற கலங்கலைப் போக்க அதை ஊற்றுவது பொருந்தாது.

தொட்டி இன்னும் வைக்காதவர்கள் இதைப் படித்தால்: மீன் விடாமலே சைக்கிள் செய்யுங்கள். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாக் கரைசலை 2 பிபிஎம் வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, 26 முதல் 28 டிகிரியில் ஃபில்டரை ஓட விடுங்கள். 2 பிபிஎம் போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆனால் தொட்டி தயார். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். அம்மோனியா மட்டும் இருந்து கரிமக் கழிவு இல்லாததால் வெள்ளைக் கலங்கலும் குறைவாகவே வரும். முடிந்ததும் பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடலாம்.

பாசிப்பச்சை:
அக்வா சாயில் (செடிக்காகச் சத்துள்ள மண் உருண்டை) போடுபவர்களுக்குத் தனிக் குறிப்பு. புதுச் சாயில் தானே அம்மோனியா விடும், அதனால் “தொடாதே” என்ற விதி அங்கே பொருந்தாது. முதல் வாரம் தினமும் 30 முதல் 50 விழுக்காடு, இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதன்பின் சோதனை எண்ணைப் பார்த்து. சாயிலைக் கழுவக் கூடாது, உருண்டை கரைந்துவிடும். நிரப்பும்போது பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் ஊற்றினால் கலங்காது. சரளையும் மணலும் நேர்மாறு, கழுவியே ஆக வேண்டும்: வாளியில் கால் பாகம் மட்டும் போட்டு, நீரை வேகமாகப் பாய்ச்சிக் கையால் கிளறி வடிக்க வேண்டும், வடியும் நீர் தெளியும்வரை. ஒரேயடியாக வாளி நிறையப் போட்டால் அடிச்சரளை கழுவப்படாமல் நிற்கும். சோப்பு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

சரளைக்கல்:
அம்மோனியா 0.25, நைட்ரைட் 0.5, நைட்ரேட் 5. பின்பக்கக் கண்ணாடி இப்போது தெளிவாகத் தெரிகிறது, விளக்கு வெளிச்சத்தில் மட்டும் இலேசான மங்கல். ரிங் போட்டாயிற்று, உப்பும் சேர்த்தேன். நியான் டெட்ரா எட்டு விட வேண்டும் என்று ஆசை. எப்போது விடலாம்?

ஓடைநீர்:
தண்ணீர் தெளிந்த நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போதைய தீனி அளவில் அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று தொடர்ந்து ஒரு வாரம் காட்ட வேண்டும். அதற்கு இன்னும் மூன்று நான்கு வாரம் ஆகலாம். நைட்ரைட் இதைவிட ஏறிவிட்டுத்தான் இறங்கும், 1 பிபிஎம்மைத் தாண்டினால் 30 விழுக்காடு மாற்றுங்கள், உப்பை நிலைநிறுத்துங்கள்.

அதன்பிறகும் எட்டையும் ஒன்றாக விட வேண்டாம். நியான் புதுத் தொட்டியைத் தாங்காத மீன், ஒரு மாதம் நிலையாக ஓடிய தொட்டியில்தான் நிற்கும். முதலில் நான்கு, பத்து நாள் சோதனை எண் 0-இலேயே நின்றால் அடுத்த நான்கு. புது மீன் விட்ட மறுநாள் இலேசான மங்கல் திரும்ப வரலாம். அப்போது தீனியைப் பாதியாக்கி, அம்மோனியாவைப் பாருங்கள். 0.25-க்குள் இருந்தால் கைவைக்க வேண்டாம். வந்த மீனோடு இருக்கும் பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், மீனை வலையில் எடுத்து விடுங்கள்.

கெண்டைக்குஞ்சு:
இன்னொண்ணு, கப்பியில பெண் இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை குட்டி போடும். எட்டு மீன்னு கணக்குப் போட்டுட்டு இருப்பீங்க, ஆறு வாரத்துல முப்பது ஆயிடும், அம்மோனியாவும் அதுக்கேத்த மாதிரி ஏறும். டெட்ரா வாங்குறதுக்கு முன்னாடி ஆண் பெண் பிரிச்சுடுங்க.